ரோமில் ஒரே ஒரு நாள்: கொலோசியமா, வத்திக்கானா, நடையா?

ஐரோப்பா போகிறவர்களின் திட்டத்தில் ரோமுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு நாள்தான். பாரிஸும் சுவிட்சர்லாந்தும் முன்னாலேயே நாட்களைப் பிடித்துக்கொண்டுவிடும். அப்புறம் கேள்வி வரும்: அந்த ஒரு நாளில் கொலோசியம் பார்ப்பதா, வத்திக்கான் போவதா, எப்படியாவது இரண்டையும் அடக்கிவிடலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொலோசியத்துக்குள்ளும் வத்திக்கான் அருங்காட்சியகத்துக்குள்ளும் ஒரே நாளில் போகாதீர்கள். இரண்டுமே தனித்தனியாக அரை நாளை எடுத்துக்கொள்ளும் இடங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் விட்டுவிட்டு நகரத்தின் நடுப்பகுதியில் நடக்கும் மூன்றாவது வழியும் இருக்கிறது. பலர் அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. முதல்முறை வருகிறவர்களில் நிறையப் பேருக்கு அந்த மூன்றாவது வழிதான் நல்ல நாளாக அமையும் என்பது என் எண்ணம். யாருக்கு அமையாது என்பதையும் சொல்கிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது கிழமை. இதைப் பார்க்காமல் விமான டிக்கெட் போட்டுவிட்டு, பிறகு திண்டாடுகிறவர்கள் நிறைய. வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலையில் இலவசமாகத் திறப்பார்கள், அன்று கூட்டம் சொல்லி மாளாது. புதன்கிழமை காலையில் போப்பாண்டவர் மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சி நடந்தால், நண்பகல் வரை புனித பேதுரு பேராலயத்துக்குள் போக முடியாது. கொலோசியம் வாரம் முழுவதும் திறந்திருக்கும், ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்பதால் அன்றைக்கு அங்கே போகாமல் இருப்பது நல்லது. மற்ற ஞாயிறுகளில் கொலோசியத்துக்கு முன்னால் ஓடும் பெரிய சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கே விட்டுவிடுகிறார்கள். அது பழைய ரோம் பக்கம் போக நல்ல நாள்.

இரண்டாவது, டிக்கெட். கொலோசியத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் சுமார் 30 நாட்களுக்கு முன்புதான் டிக்கெட் திறக்கும். நல்ல பருவத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வத்திக்கானுக்குச் சுமார் இரண்டு மாதத்துக்கு முன்பே பதிவு செய்யலாம். இரண்டிலும் நுழையும் நேரம் டிக்கெட்டிலேயே குறித்திருக்கும். அந்த நேரம் உங்கள் நாளை இரண்டாக வெட்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பகல் 11 மணிக்கு நுழைவு கிடைத்தால் காலையும் போச்சு, மதியச் சாப்பாடும் தள்ளிப்போச்சு.

மூன்றாவது, உடன் வருகிறவர்களின் கால். ரோமின் தெருக்கள் பலவற்றில் சிறு சிறு கருங்கற்களைப் பதித்திருக்கிறார்கள். சமமாக இருக்காது, இரண்டு மணி நேரம் நடந்ததும் கணுக்காலில் தெரியும். அறுபதைத் தாண்டிய அம்மா அப்பாவுடன் போகிறீர்கள் என்றால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

நான்காவது, வானிலை. ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரி சாதாரணம். நமக்குச் சென்னை வெயில் பழக்கம்தானே என்று தோன்றும். ஆனால் சென்னையில் யாரும் பகல் 12 மணிக்கு நிழலில்லாத இடிபாடுகளுக்கு நடுவே மூன்று மணி நேரம் நடப்பதில்லை.

செலவு கடைசியில்தான் வருகிறது. நுழைவுக் கட்டணங்களின் வித்தியாசம் பெரிதல்ல. பணம் கரைவது அதைச் சுற்றி வரும் சில்லறைச் செலவுகளில்.

## முதல் வழி: பழைய ரோம்

கொலோசியம், அதையொட்டி இடிபாடுகளாகக் கிடக்கும் பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரம், மேலே இருக்கும் பாலட்டைன் குன்று, மூன்றுக்கும் ஒரே டிக்கெட். 2025-இல் பெரியவர்களுக்கு 18 யூரோ. பதினெட்டு வயதுக்குக் கீழே இலவசம், ஆனால் அவர்களுக்கும் பெயர் போட்டு முன்பதிவு செய்தாக வேண்டும்.

வெஸ்பாசியன் பேரரசர் தொடங்கி, அவர் மகன் டைட்டஸ் கி.பி. 80-இல் திறந்துவைத்த அரங்கம் கொலோசியம். நீளம் 189 மீட்டர், அகலம் 156 மீட்டர், உயரம் 48 மீட்டர் அளவில். வெளியிலிருந்து பார்க்கும்போதே மூச்சு நின்றுவிடும். உள்ளே போனால் கூடுதலாகக் கிடைப்பது என்ன? அரங்கத்தின் தரை இன்று பெரும்பகுதி இல்லை. அதற்குக் கீழே விலங்குகளையும் வீரர்களையும் வைத்திருந்த சுரங்க அறைகளின் சுவர்கள் திறந்து கிடக்கின்றன. மேலிருந்து அதைப் பார்க்கும்போதுதான் இது எவ்வளவு பெரிய இயந்திரமாக வேலை செய்தது என்று புரியும். கீழிருந்து தூக்கிகள் வழியாக மிருகங்களை மேலே ஏற்றியிருக்கிறார்கள். அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே இறங்க வேண்டுமானால் அதற்கு வேறு டிக்கெட், அது இன்னும் வேகமாகத் தீரும்.

என்னைக் கேட்டால் இந்த டிக்கெட்டின் உண்மையான மதிப்பு ஃபோரத்தில்தான் இருக்கிறது. பலர் கொலோசியத்தில் சக்தியெல்லாம் தீர்ந்துபோய், ஃபோரத்தில் அரை மணி நேரம் சுற்றிவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நுழைந்ததும் டைட்டஸ் வளைவு வரும். அதன் உட்பக்கச் சுவரில், எருசலேம் கோயிலிலிருந்து கி.பி. 70-இல் கொள்ளையடித்த ஏழு கிளை விளக்கைத் தோளில் சுமந்து வரும் வீரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கிட்டே நின்று பார்த்தால் விளக்கின் தண்டில் உள்ள முடிச்சுகள்கூடத் தெரியும். இன்னும் கொஞ்சம் கீழே அன்டோனைனஸ், ஃபாஸ்டினா கோயில். அதன் தூண்களுக்குப் பின்னால் பிற்காலத்தில் ஒரு தேவாலயம் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தேவாலயத்தின் கதவு ஆளுயரத்துக்கும் மேலே அந்தரத்தில் நிற்கிறது. கதவு வைத்த காலத்தில் தரை அந்த உயரத்தில் இருந்தது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மண்ணைத் தோண்டி எடுத்ததும் கதவு அந்தரத்தில் நின்றுவிட்டது. ரோமை எவ்வளவு மண் மூடியிருந்தது என்பதை எந்தப் பலகையும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது. ஜூலியஸ் சீசரின் உடலை எரித்த இடம் பக்கத்திலேயே, ஒரு தாழ்ந்த கூரைக்குக் கீழே. இன்றைக்கும் யாராவது அங்கே பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

தமிழ் வாசகர்கள் தவறவிடக் கூடாத இடம் ஒன்று உண்டு. ஃபோரத்தின் ஓரத்தில் மூன்று பிரம்மாண்டமான வளைவுகளோடு மாக்சென்டியஸ் மண்டபம் நிற்கிறது. அதற்கு முன்பு அந்த இடத்தில் டொமிஷியன் பேரரசர் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. முசிறித் துறையில் யவனர்கள் ஏற்றிய மிளகு கடல் தாண்டி வந்து சேர்ந்த சந்தை இதுதான். அந்த வணிகத்தின் மறுபக்கம் நம் ஊரில் கிடைக்கிறது: கரூர், கோயம்புத்தூர்ப் பக்கம் தோண்டத் தோண்ட வந்த ரோமானிய நாணயங்கள். நம் ஊர் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் அவற்றைப் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் நிற்பது வேறு மாதிரி இருக்கும்.

இனி, யாரும் முன்கூட்டிச் சொல்லாத சங்கடங்கள். பெரிய பையோ பெட்டியோ கொண்டுபோனால் கொலோசியத்துக்குள் விடமாட்டார்கள், அங்கே வைத்துவிட்டுப் போகவும் இடம் இல்லை. ஃபோரத்தில் பெயர்ப்பலகைகள் குறைவு. கதை தெரியாமல் போனால் உடைந்த கற்கள்தான். அதனால் ஒலிவழிகாட்டிக்கோ ஆள் வழிகாட்டிக்கோ தனியாகச் செலவாகும். வீட்டிலேயே ஒரு மணி நேரம் படித்துவிட்டுப் போனால் அந்தச் செலவு மிச்சம். பாதைகள் கரடுமுரடானவை, குழந்தை வண்டி தள்ள முடியாது. வாசலில் ரோமானியப் போர்வீரன் வேடத்தில் நிற்பவர்கள் படம் எடுத்தால் காசு கேட்பார்கள், முன்னாலேயே விலகிவிடுங்கள். குளிர்காலத்தில் மாலை நாலரைக்கே மூடிவிடுவார்கள் என்பதால் மதியத்துக்கு மேல் நுழைவு வாங்குவது வீண்.

வரலாறு பிடித்தவர்கள், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு வருகிறவர்கள், அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வருகிறவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம். பிள்ளைகளுக்கு ரோமில் மிகவும் பிடிக்கும் இடம் கொலோசியம்தான், அதில் சந்தேகமே வேண்டாம்.

## இரண்டாவது வழி: வத்திக்கான்

வத்திக்கான் வேறு நாடு. 1929-இல் தனி நாடாக ஒப்பந்தமான 44 ஹெக்டேர் நிலம். பாஸ்போர்ட் சோதனை எதுவும் கிடையாது. சதுக்கத்துக்குள் கால் வைத்தால் எல்லை தாண்டியாகிவிட்டது.

இங்கே இரண்டு இடங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேராலயம் இலவசம், பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும்தான். அருங்காட்சியகத்துக்கு 2025-இல் 20 யூரோ, இணையத்தில் பதிவு செய்ய மேலும் 5 யூரோ. அந்த 5 யூரோவை மிச்சம் பிடிக்க வேண்டாம். பதிவில்லாதவர்கள் நிற்கும் வரிசை மதில் சுவரை ஒட்டி நீண்டு போகும், அதில் உங்கள் காலை முழுவதும் போய்விடும்.

அருங்காட்சியகத்தில் முக்கால்வாசிப் பேர் தேடி வருவது சிஸ்டைன் ஆலயத்தை. மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை சாரத்தின் மேல் நின்று, கழுத்தை அண்ணாந்து வரைந்த கூரை. அதற்கு இருபத்து சொச்சம் வருடங்கள் கழித்துத் திரும்பி வந்து வரைந்த இறுதித் தீர்ப்பு, பீடத்துக்குப் பின்சுவரில். கூரை தரையிலிருந்து 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. படமெடுக்க அனுமதி இல்லை, பேசவும் கூடாது. ஓரத்தில் சுவரை ஒட்டி உட்கார இடம் இருக்கும். காலியானதும் உட்கார்ந்து, பின்னந்தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு பாருங்கள். நின்றபடி பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கழுத்து வலித்து நகர்ந்துவிடுவீர்கள்.

அங்கே போய்ச் சேருவதற்குள் நீண்ட பாதை. 120 மீட்டர் நீளமுள்ள வரைபடக் கூடத்தில் இத்தாலியின் பகுதிகளை நாற்பது சுவரோவியங்களாக வரைந்திருக்கிறார்கள். தலைக்கு மேலே தங்கநிறக் கூரை. கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டே போகும், நின்று பார்க்க மனம் வைக்க வேண்டும். ரஃபேல் அறைகளில் பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் நடந்துவரும் புகழ்பெற்ற ஓவியம். முற்றத்தில் 1506-இல் தோண்டி எடுத்த லவோகூன் சிலை: பாம்புகள் சுற்றிய தகப்பனும் இரண்டு மகன்களும். கலை பிடித்தவர்களுக்கு இங்கே ஒரு நாள் போதாது. கலையில் ஆர்வம் இல்லாதவர்களுக்கு இது மூன்று மணி நேரம் முதுகுகளைப் பார்த்து நடக்கும் அனுபவம். இதை நேராகச் சொல்லிவிடுவதுதான் நியாயம், ஏனென்றால் பெயருக்காகப் போய்விட்டு அலுத்துத் திரும்புகிறவர்கள் ஏராளம்.

பேராலயம் அப்படியில்லை. மதம், ஆர்வம் எதுவும் தேவையில்லை. உள்ளே நுழைந்தால் அதன் பரப்பே ஆளை நிறுத்திவிடும். வலப்பக்கம் முதல் சிற்றாலயத்தில் மைக்கலாஞ்சலோவின் பியெத்தா, இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மரியாளின் சிலை. இருபத்துச் சொச்சம் வயதில் அவர் செதுக்கியது. 1972-இல் ஒருவன் சுத்தியலால் தாக்கியதற்குப் பிறகு கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். கோபுரத்தின் உச்சிக்கு 551 படிகள். லிஃப்ட்டில் பாதி போகலாம், அப்புறமும் 320 படிகள் ஏற வேண்டும். கடைசிப் பகுதியில் சுவர் சாய்ந்து, நாமும் சாய்ந்துகொண்டு ஏற வேண்டிய குறுகிய வழி. மூச்சுத் திணறல், முழங்கால் வலி உள்ளவர்கள் தவிர்க்கவும். நடுவில் திரும்பி இறங்க வசதி இல்லை.

இங்கேயும் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களின் அரைக்கால்சட்டைக்கும் இதே விதி. சுடிதாரிலோ புடவையிலோ போகிறவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. அருங்காட்சியக வாசலும் பேராலய வாசலும் வேறு வேறு. மதிலைச் சுற்றிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும், அப்புறம் பேராலயத்துக்கு மறுபடியும் வரிசை. சிஸ்டைன் ஆலயத்திலிருந்து நேராகப் பேராலயத்துக்கு ஒரு குறுக்கு வழி உண்டு, ஆனால் அது வழிகாட்டியோடு வரும் குழுக்களுக்கானது. திறந்திருக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். இன்னொன்று: பெரிய பையை அருங்காட்சியகத்தின் வைப்பறையில் கொடுத்துவிட்டுக் குறுக்கு வழியில் போய்விட்டால், பையை எடுக்க மறுபடி மதிலைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். மெட்ரோ நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் வரிசை இல்லாமல் விடுகிறோம் என்று கூவி அழைப்பவர்கள் நிற்பார்கள். அவர்கள் விற்பது பெரும்பாலும் கூடுதல் விலைக்கு ஒரு குழுச் சுற்றுலா.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை, வத்திக்கான்தான். ஓவியம், சிற்பம் பிடித்தவர்களுக்கும் அப்படியே. கடும் வெயில் நாளிலும் மழை நாளிலும் கூரைக்குக் கீழே இருக்க முடிவதும் இதன் நன்மை. மற்றவர்கள் அருங்காட்சியகத்தை விட்டுவிட்டுப் பேராலயத்தை மட்டும் காலை 7 மணிக்குப் போய்ப் பார்க்கலாம். அந்த நேரத்தில் வரிசை அவ்வளவாக இருக்காது. அதற்கு ஒரு காசும் ஆகாது, அதற்கு மேல் முழு நாளும் கையில் இருக்கும்.

## மூன்றாவது வழி: நகரத்தின் நடுவில் நடை

ரோமின் சிறப்பு, அதன் பெரிய செல்வங்களில் பாதி தெருவில்தான் கிடக்கின்றன. நீரூற்றுகள், சதுக்கங்கள், வாசல் திறந்த தேவாலயங்கள். முழு நடையும் ஆறேழு கிலோமீட்டர்தான். அதற்குள் இருபது நூற்றாண்டுகள் வந்துவிடும்.

காலை ஏழு மணிக்குத் திரேவி நீரூற்றில் தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் அங்கே நிற்கக்கூட இடம் இருக்காது. கிட்டே இறங்குகிறவர்களின் எண்ணிக்கையையும் இப்போது கட்டுப்படுத்துகிறார்கள். 1762-இல் முடிந்த நீரூற்று இது. ஆனால் இதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் கி.மு. 19-இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கட்டியது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய அந்தக் கால்வாயில் இன்றும் தண்ணீர் வருகிறது!

அங்கிருந்து பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன் பத்து நிமிட நடை. ஒன்பது மணிக்குத் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். 2023 ஜூலையில் இதற்கு 5 யூரோ கட்டணம் வைத்தார்கள். ரோமில் இவ்வளவு குறைந்த பணத்துக்கு இவ்வளவு பெரிய விஷயம் வேறெதுவும் கிடையாது. குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதே அளவு. உள்ளே ஒரு முழுக் கோளம் பொருந்தி உட்காரும். கம்பி எதுவும் இல்லாத கான்கிரீட். கம்பி இல்லாமல் கட்டிய கான்கிரீட் குவிமாடங்களில் இன்று வரை உலகிலேயே இதுதான் பெரியது. மேலே போகப் போகக் கனம் குறைந்த கற்களைக் கலந்திருக்கிறார்கள், உச்சியில் நுரைக்கல். நடுவில் திறந்த வட்டம். மழை பெய்தால் உள்ளேயே பெய்யும். குனிந்து தரையைப் பாருங்கள்: நடுவில் லேசாக மேடாக்கி, பளிங்கில் சிறு சிறு துளைகள் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் அதில் வடிந்துவிடும். ஹேட்ரியன் பேரரசர் காலத்துக் கட்டடம் இது. 609-இல் தேவாலயமாக மாறியதால்தான் யாரும் இடித்துக் கல்லெடுக்காமல் விட்டார்கள். ரஃபேலின் கல்லறை இடப்பக்கத்தில்.

இரண்டு தெரு தள்ளி சந்த் இக்னாசியோ தேவாலயம். குவிமாடம் கட்டப் போதிய வசதி இல்லாமல் போனதால், ஆந்திரேயா பொட்சோ என்ற இயேசு சபைச் சகோதரர் தட்டையான துணியில் குவிமாடத்தை வரைந்து மேலே மாட்டிவிட்டார். தரையில் ஒரு பளிங்கு வட்டம் பதித்திருக்கும். அதில் நின்று பார்த்தால் குழிந்த குவிமாடம் தெரியும். பத்தடி தள்ளி நின்றால் அது கோணலாகச் சரிந்துவிடும். பிள்ளைகளை இங்கிருந்து இழுத்துக்கொண்டு போவது சிரமம்.

நவோனா சதுக்கத்தில் சிற்பி பெர்னினியின் நான்கு நதி நீரூற்று, 1651. நைல், டான்யூப், தென்னமெரிக்காவின் பிளாட்டா நதி, நான்காவது நம் கங்கை. கையில் நீண்ட துடுப்போடு சாய்ந்து உட்கார்ந்திருக்கும் தாடிக்காரர்தான் கங்கை. நாம் தேவியாகக் கும்பிடும் நதியை அவர்கள் ஆணாகச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே சான் லூயிஜி தேவாலயத்தில் கரவாஜ்ஜோ வரைந்த மூன்று ஓவியங்கள். விளக்கு எரிய நாணயம் போட வேண்டியிருக்கும், சில்லறை வைத்திருங்கள்.

இந்த வழியின் பெரிய இடைஞ்சல் நடுப்பகல். பல தேவாலயங்கள் பன்னிரண்டரை வாக்கில் மூடி, மூன்று அல்லது நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு ஒதுக்குங்கள். துண்டு பீட்சாக் கடைகளில் நீளத் தட்டிலிருந்து எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால், கத்தரிக்கோலால் வெட்டி, எடை போட்டுக் கொடுப்பார்கள். உருளைக்கிழங்கும் ரோஸ்மேரியும் போட்டது சைவர்களுக்குக் கைகொடுக்கும். பூசணிப்பூ போட்டதைப் பார்த்து ஏமாறாதீர்கள், பெரும்பாலும் அதில் நெத்திலி மாதிரிச் சிறு மீன் இருக்கும். கேட்டுக்கொள்ள நான்கு சொல் போதும்: சென்சா கார்னே, சென்சா பேஷே. இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்.

மதியத்துக்கு மேல் லார்கோ அர்ஜென்டினா. தெருமட்டத்துக்குக் கீழே நான்கு கோயில்களின் இடிபாடுகள், அதன் ஓரத்தில்தான் கி.மு. 44-இல் சீசரைக் குத்திக் கொன்ற மண்டபம் இருந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்தே பார்த்துவிடலாம்.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் ஜேசு தேவாலயம். தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்துக்காரர்கள் இதைத் தேடிப் போக வேண்டும். முத்துக்குளித்துறையில் 1542 முதல் பரதவர் ஊர்களில் திருமுழுக்குக் கொடுத்து நடந்த சவேரியாரின் உடல் கோவாவில் இருக்கிறது. அவருடைய வலது முன்கை இந்தத் தேவாலயத்தில், வலப்பக்கப் பீடத்தின் மேல் பேழைக்குள் இருக்கிறது. மாலை ஐந்தரைக்கு எதிர்ப்பக்கத்தில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் பீடத்தில் இசையோடு ஒரு நிகழ்ச்சி: பெரிய ஓவியம் மெல்லக் கீழிறங்க, பின்னாலிருந்து அவர் சிலை தெரியும்.

கடைசியாகக் கேப்பிட்டோலைன் குன்றில் ஏறுங்கள். மைக்கலாஞ்சலோ வடிவமைத்த சதுக்கத்தைத் தாண்டி, நகராட்சிக் கட்டடத்தின் பக்கவாட்டில் போனால் ஃபோரம் முழுவதும் கண்முன் விரியும், தூரத்தில் கொலோசியம். கட்டணம் இல்லை. இறங்கிப் பெரிய சாலை வழியாக நடந்தால் கொலோசியத்தின் காலடிக்கே போய்விடலாம். உள்ளே போகாவிட்டாலும் இரண்டையும் பார்த்த மாதிரி ஆயிற்று.

இந்த வழியில் செலவு டிக்கெட்டில் இல்லை, உட்காருவதில்தான் இருக்கிறது. சதுக்கத்தைப் பார்த்த மேசையில் உட்கார்ந்தால் அதே காபி இரண்டு மூன்று மடங்கு விலை. இத்தாலியர்கள் மாதிரி கவுண்டரில் நின்று குடித்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், தெருமுனைகளில் இரவும் பகலும் ஓடும் இரும்புக் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. கழிப்பறைதான் சிக்கல், காபி குடிக்கும் கடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஸ்பானியப் படிக்கட்டில் உட்காராதீர்கள், 2019 முதல் அபராதம் போடுகிறார்கள்.

## ஒரே பார்வையில்

| | பழைய ரோம் | வத்திக்கான் | நடை |
|---|---|---|---|
| கட்டணம் (2025, பெரியவர்) | 18 யூரோ | 20 + 5 யூரோ. பேராலயம் இலவசம் | பாந்தியனுக்கு 5 யூரோ |
| முன்பதிவு | கட்டாயம், பெயருடன் | இல்லாவிட்டால் நீண்ட வரிசை | பெரும்பாலும் தேவையில்லை |
| ஆகும் நேரம் | 4 மணி நேரம் | 5 மணி நேரம் | நம் விருப்பம் |
| வெயில் | மிகக் கடினம் | பரவாயில்லை | அவ்வப்போது நிழல் |
| மழை | கடினம் | நல்லது | தேவாலயங்களில் ஒதுங்கலாம் |
| தவிர்க்க வேண்டிய நாள் | மாத முதல் ஞாயிறு | ஞாயிறு, புதன் காலை | எதுவுமில்லை |
| தெரியாமல் வரும் செலவு | வழிகாட்டி | குழுச் சுற்றுலா, கோபுரம் | காபி மேசை |
| யாருக்கு | பெரிய பிள்ளைகள், வரலாற்று ஆர்வலர் | பக்தர்கள், கலை ஆர்வலர் | முதல்முறை வருபவர், டிக்கெட் கிடைக்காதவர் |

## சரி, இரண்டையும் சேர்த்துவிட்டால்?

முடியாது என்று சொல்லமாட்டேன். காலை 8 மணிக்கு வத்திக்கான், மதியம் 3 மணிக்குக் கொலோசியம் என்று நிறைய நிறுவனங்கள் விற்கின்றன. இரண்டுக்கும் நடுவே நான்கு கிலோமீட்டர். மெட்ரோவில் போனால் நடுவில் வண்டி மாற வேண்டும். கணக்குப் போட்டால் நேரம் சரியாக வரும். ஆனால் மதியச் சாப்பாடு நின்றபடி, பேராலயம் அரை மணி, ஃபோரம் பார்க்காமலே விட்டுப்போகும், பாந்தியன் கிடையவே கிடையாது. ஃபோரத்தைப் பார்க்காத கொலோசியமும், பாந்தியனைப் பார்க்காத ரோமும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. இளைஞர்கள், திரும்ப வரவே வாய்ப்பில்லாதவர்கள், ஜூன் மாத நீண்ட பகலில் வருகிறவர்கள் வேண்டுமானால் துணியலாம்.

ஏறி இறங்கும் இரட்டை மாடிப் பேருந்து பற்றியும் கேட்கிறார்கள். முதியவர்களுக்கு நல்லதுதானே என்று தோன்றும். ரோமின் நடுப்பகுதித் தெருக்களுக்குள் அது நுழைய முடியாது. பாந்தியனுக்கும் திரேவிக்கும் கடைசியில் நடக்கத்தான் வேண்டும். அந்தப் பணத்துக்கு இரண்டு முறை டாக்ஸி பிடித்துவிடலாம். நடக்கச் சிரமப்படும் பெற்றோருடன் வந்தால் நான் சொல்வது: அதிகாலையில் பேராலயம் மட்டும், டாக்ஸியில் பாந்தியன், பக்கத்திலேயே நவோனாவில் நீண்ட மதியம், மாலையில் டாக்ஸியில் கொலோசியத்தின் வெளிப்புறம். நடை இரண்டு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும்.

## கப்பலிலும் விமானத்திலும் வருகிறவர்களுக்கு

சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் இறங்குகிறவர்களுக்கு ரயிலில் ரோம் வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெரும்பாலான வண்டிகள் ரோமின் பெரிய ரயில் நிலையமான டெர்மினிக்கு முன்பே ரோமா சான் பியெத்ரோ நிலையத்தில் நிற்கும். அங்கே இறங்கினால் பேராலயம் கால் மணி நேர நடை. அதனால் உங்களுக்கு வத்திக்கான் வசதி, அல்லது பேராலயத்தில் தொடங்கி, சந்த் ஆஞ்செலோ பாலம் தாண்டி நவோனா, பாந்தியன் என்று நடையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். கொலோசியத்துக்குப் போய்த் திரும்புவது உங்கள் நேரத்தில் இன்னும் ஒரு மணியைத் தின்றுவிடும்.

விமானத்திலிருந்து நேராக வருகிறவர்கள் ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து லியோனார்தோ ரயிலில் அரை மணியில் டெர்மினி வரலாம், ஒருவருக்கு 14 யூரோ. நான்கு பேர் என்றால் நகருக்குள் நிர்ணயித்த கட்டணத்தில் வரும் டாக்ஸி ஏறக்குறைய அதே செலவு, வாசலிலேயே இறக்கிவிடும். பெட்டிகளை டெர்மினியிலோ விடுதியிலோ வைத்த பிறகுதான் கிளம்ப வேண்டும். இரவு விமானத்தில் வந்து இறங்குகிறீர்கள் என்றால் குறித்த நேர டிக்கெட் எதுவும் வாங்காதீர்கள். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் அந்த டிக்கெட் வீணாகிவிடும், நடை வீணாகாது.